பட்டுக்கு ஆகாத தாடி

எங்கள் கடையில் ஷட்டர் ஏறுவதற்கு முன்னால் ஆண்களின் கன்னம் சோதிக்கப்படும். சிரிக்காதீர்கள், நிஜம்தான். மலேசியாவில், ஜொகூரின் தங்காக் ஊரில் துணிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விற்பனையாளரின் கன்னத்தில் துணியை இழுத்துப் பார்க்கிற கடை எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான். முதலாளியம்மா கையில் ஒரு சாண் ஜார்ஜெட் துண்டு இருக்கும். காலை ஒன்பதரைக்கு நாங்கள் வரிசையில் நிற்போம். அவர் அந்தத் துண்டை முதலில் உள்ளங்கையில் இழுப்பார், பிறகு விரல் நுனிகளில், நக ஓரங்களில், கடைசியாகக் கன்னத்தில். எங்கேயாவது ஓர் இழை சிக்கினால் அன்றைக்குப் பட்டு கட்டிக் காட்டும் மேடை கிடையாது. மாடி ஸ்டோருக்குப் போய் பஞ்சாபி சூட்டுகளுக்கு விலைச்சீட்டு குத்த வேண்டியதுதான்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் கடையில் கல்யாணப் பட்டைப் பொம்மைக்குக் கட்டிக் காட்டுவதில்லை. விற்பனையாளரே சட்டைக்கு மேல் இடுப்பில் ஒரு எலாஸ்டிக் பட்டையை மாட்டிக்கொண்டு, அதில் கொசுவத்தைச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டு நின்று காட்டுவார். தோளுக்குப் போகும் வழியில் சேலை தாடையை உரசாமல் போகாது. ஒரு நாள் முடி முளைத்திருந்தாலும் மெல்லிய பட்டில் இழை இழுத்துவிடும். இழை இழுத்த சேலையை எந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவும் தொட மாட்டார். அதனால் முகம் வழுவழுவென்று இருக்க வேண்டும். மோதிரமும் கைக்கடிகாரமும் லாக்கரில் கிடக்க வேண்டும். சட்டைப் பையில் பேனா கூடாது, தலையில் எண்ணெய் கூடாது, மதியம் மீன் கறி தின்றால் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பேச்சுக்கும் சட்டம் உண்டு. "இந்தக் கலர் உங்க நிறத்துக்கு எடுக்காது" என்று யாராவது சொல்லி அது முதலாளியம்மா காதில் விழுந்தால் அவருக்கு அன்றே கணக்கு முடிந்துவிடும்.

இதையெல்லாம் கொடுமை என்று சொன்னவர்கள் உண்டு. நான் சொன்னதில்லை. எனக்கு அந்தச் சட்டங்கள் பிடித்திருந்தன. நான் லாபிஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்த ஜார்ஜெட் துண்டு என் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. முதலாளியம்மா அதைப் பிய்த்து எடுத்துவிட்டு, "இது கையா, முள்ளுக் கம்பியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் வெந்நீரில் கையை ஊற வைத்து, கல்லால் தேய்த்து, லோஷன் தடவினேன். ஏழு மாதம் மாடி ஸ்டோரில் கிடந்தேன். எட்டாவது மாதம் ஒரு காலையில் அந்தத் துண்டு என் கையில் ஏறி, விரல்களைத் தாண்டி, எங்கேயும் நிற்காமல் கீழே விழுந்தது. முதலாளியம்மா மேடையைக் கைகாட்டினார். அன்று முதல் ஐந்து வருடம் அந்த மேடை என்னுடையது. கர்வம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன். ஜொகூரில் என்னைப் போலக் கொசுவம் வைக்கிற ஆம்பிளை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் தாடி வளர்க்க வேண்டி வந்தது.

என் மனைவிக்கு இரண்டாவது முறையாகக் கரு தங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரி பிள்ளை உண்டாகியிருக்கும்போது புருஷன் முடி வெட்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது. முதல் தடவை நான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மேடை இருக்கிறதே, மேடைக்கு முகம் வேண்டுமே என்று தினமும் காலையில் ஷேவ் செய்துகொண்டு வேலைக்குப் போனேன். அதோடு, இரண்டாம் மாதமே ஊரெல்லாம் சொல்லி, கடையில் லட்டும் கொடுத்துவிட்டோம். நான்காம் மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒரு சொந்தக்காரி, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் கன்னத்தைப் பார்த்து, "மாப்பிள்ளை மாதிரி மொகத்தப் பளபளன்னு வச்சிக்கிட்டு சுத்துனா எப்படி தங்கும்?" என்றார். அவரை வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். ஆனால் அந்த வார்த்தை என் மனைவியின் மனதில் தங்கிவிட்டது. அவள் என்னைக் குற்றம் சொன்னதே இல்லை. காலையில் நான் ரேசரைக் கையில் எடுத்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவாள்.

அதனால் இந்த முறை, டெஸ்ட்டில் இரண்டு கோடு தெரிந்த அன்றைக்கே அவள் இரண்டு சத்தியம் வாங்கிக்கொண்டாள். "பொறக்கற வரைக்கும் ஷேவ் பண்ணக் கூடாது. அஞ்சு மாசம் ஆகற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாது. கடையில மூச்சு விடக் கூடாது." எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. என் தாடைக்கும் அவள் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி என்றேன்.

சொல்லிவிட்ட பிறகுதான் மண்டையில் உறைத்தது. தாடியும் வைக்க வேண்டும், ஏன் என்றும் சொல்லக் கூடாது. முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொன்னாலாவது ஏதாவது வழி பிறக்கும். அந்த வாசலையும் அவள் அடைத்துவிட்டாள். மேடையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. அவளை விட்டால் எனக்கு வேறு யாரும் கிடையாது.

மூன்றாம் நாள் காலை ஜார்ஜெட் துண்டு என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. முதலாளியம்மா கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, கணவர் போனபிறகு கடையைத் தனியாக நடத்துகிறவர். சேலையில் ஒரு சுருக்கம் இருந்து நான் பார்த்ததில்லை.

"என்ன இது?"

நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வாயில் வந்தது, "விரதம்மா. முருகனுக்கு."

"தைப்பூசம் எங்க இருக்கு, இப்ப விரதம் எடுக்கிறீங்க?"

"வேண்டுதல்மா. ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள்."

முதலாளியம்மா பக்திக்காரர். சாமி பெயரைச் சொன்னதும் துண்டை மடித்துக்கொண்டார். "சாமி காரியம், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா என் பட்டும் பட்டுதான். நாப்பத்தெட்டு நாளும் மேல ஸ்டோர்ல இருங்க. நாப்பத்தொம்பதாவது நாள் மொகத்தோட வாங்க." நான் தலையாட்டிவிட்டு மாடி ஏறினேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு மறுபடியும் விலைச்சீட்டுக் குத்தும் துப்பாக்கி என் கைக்கு வந்தது.

விரதம் என்று சொல்லிவிட்டால் அதோடு விடுவார்களா? மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஞ்சாபி சூட் பிரிவில் இருந்த ஓர் அக்கா எனக்குக் காவல் தெய்வமாகவே மாறிவிட்டார். பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடையில் நான் பொரித்த கோழியைப் பார்த்தால் போதும், "அலமாக்! தம்பி, அந்தப் பக்கம் திரும்பாதீங்க லா, விரதம் கலைஞ்சிரும்" என்று கடைக்கே கேட்கிற மாதிரி கத்துவார். எனக்குக் கத்தரிக்காயும் கீரையும் தானே வாங்கித் தட்டில் போடுவார். சரி, வீட்டில் போய்ச் சாப்பிடலாம் என்று பார்த்தால், மனைவிக்கு எண்ணெய் காயும் வாசம் பட்டாலே குமட்டியது. மீனும் கோழியும் வீட்டுக்குள் வரவில்லை. ரகசியமாகப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போய் ஒரு தட்டுச் சாத்தே, குச்சியில் சுட்ட கறி, சாப்பிடலாம் என்று ஒரு நாள் கிளம்பினேன். அங்கே அந்த அக்காவின் புருஷன் உட்கார்ந்திருந்தார். "விரதக்காரரே, இங்க என்ன?" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பொய்யாகச் சொன்ன விரதம் இப்படியே ஒரு துண்டுக் கறி இல்லாமல் நிஜ விரதமாக நடந்துகொண்டிருந்தது.

தாடி வளர வளர எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. முகத்தைக் கவனிக்காத ஆளை எனக்கு எப்போதும் பிடிக்காது, இப்போது கண்ணாடியில் நானே அந்த ஆள். மாடியில் இருந்து பார்த்தால் கீழே மேடை தெரியும். என் இடத்தில் இன்னொருவர் நின்று கொசுவம் வைப்பார். ஐந்து மடிப்பு வரவேண்டிய இடத்தில் நான்கு வைப்பார். முந்தானை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். பார்க்கப் பார்க்க வயிறு எரியும். கீழே போய்ச் சரிசெய்யவும் முடியாது.

நாற்பத்தெட்டாவது நாள் ஒரு சனிக்கிழமை. கல்யாண மாதம். காலையில் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "இன்னையோட விரதம் முடிஞ்சிதா?" என்றார்.

என் மனைவிக்கு நான்காம் மாதம் தொடங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. முதல் குழந்தை கலைந்ததும் இதே நான்காம் மாதத்தில்தான். அவள் ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பாள். இந்த நேரத்தில் நான் மழுமழுவென்று வீட்டு வாசலில் போய் நின்றால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா" என்றேன்.

"எவ்வளவு நாள்?"

அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "மூவார்ல இருந்து ஓர் ஆள் திங்கக்கிழமை சேர வாரார். நல்ல கை. நீங்க திங்கக்கிழமை ஷேவ் பண்ணிட்டு வந்தா மேடை உங்களுக்கு. இல்லன்னா அவருக்கு. அதுக்கப்புறம் மேல ஸ்டோரே உங்க எடம், கீழ எறங்க வேணாம்." சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பதினொன்றரைக்கு சிகாமட்டில் இருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி இறங்கியது. பெண், அம்மா, அப்பா, இரண்டு அத்தைமார், மூன்று மாமன்மார். ஒரு வேன் நிறைய ஆட்கள். மேடையில் இருந்தவர் ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்களைப் பார்க்க முடியாமல் திணறினார். முதலாளியம்மா வேறு வழியில்லாமல் மாடியைப் பார்த்துக் கையசைத்தார். நான் இறங்கி வந்ததும் காதோரம் சொன்னார், "விரிச்சிக் காட்டுங்க, போதும். மேல போடாதீங்க. அந்த தாடி என் பட்டுல பட்டுச்சின்னா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

விரித்தேன். நாற்பத்தெட்டு நாளாக அடக்கி வைத்திருந்த கை. வெங்காயக் கலர், மாம்பழக் கலர், அரக்கு, மயில் கழுத்து என்று சேலைகள் மேடையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பெண் இரண்டைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று அரக்கில் தங்க ஜரிகை, இன்னொன்று மயில் கழுத்தில் சின்னக் கட்டம். இதிலா அதிலா என்று அரை மணி நேரம் போனது. அத்தைமார் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். அம்மா கடைசியில் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க கட்டிக் காட்டுங்களேன். அப்பத்தான் விளங்கும்" என்றார்.

கல்லாப் பக்கம் இருந்து முதலாளியம்மாவின் கண் என் முதுகில் குத்திக்கொண்டிருந்தது. பெண்ணையே நிற்க வைத்து, அவள் உடுப்புக்கு மேல் சுற்றலாம். ஆனால் தன் மேலே போட்டால் தனக்கு எப்படித் தெரியும்? தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம். எனக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. முடியாது என்று சொல்லி மாடிக்குப் போகலாம், அல்லது போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அப்போதுதான் வாசலோர பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தேன். அவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர் கணவன்மார் நாற்காலி. துணிக்கடைக்குள் இழுத்து வரப்பட்ட எல்லா ஆண்களும் அங்கேதான் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்ப்பார்கள். அதில் பெண்ணின் அப்பா இருந்தார். லாரி ஓட்டுகிறவர், நல்ல உயரம், அகன்ற தோள். காலையில்தான் சுத்தமாக ஷேவ் செய்திருந்தார், பவுடர்கூடப் போட்டிருந்தார். எனக்குள் ஒரு யோசனை மின்னியது.

நேராக அவரிடம் போனேன். "அங்கிள், கொஞ்சம் எந்திரிச்சி வரீங்களா?"

"நானா? எனக்கு என்ன தெரியும் தம்பி? அவங்க பாத்து எடுத்தா சரி."

"ஒன்னும் தெரிய வேணாம் அங்கிள். நின்னா போதும்."

கல்லா மேசையில் இருந்த ஜார்ஜெட் துண்டை எடுத்தேன். முதலாளியம்மா தடுப்பதற்குள் அதை அவர் கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். எங்கேயும் சிக்காமல் வழுக்கி வந்தது. "பாஸ்!" என்றேன் சத்தமாக. பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அவர் மனைவியிடம் கொடுத்தேன். எலாஸ்டிக் பட்டையை அவர் இடுப்பில் மாட்டினேன். அவர் வெட்கப்பட்டு, "என்னய்யா பண்ற நீ?" என்றார். ஆனால் நகரவில்லை. அரக்குச் சேலையை எடுத்தேன். ஐந்து மடிப்பு, ஒரே அகலம், ஒரே அழுத்தம். செருகினேன். முந்தானையைத் தோளில் போட்டு, முழங்கால் வரை விட்டேன். மாமன்மார் மூவரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

அடுத்து மயில் கழுத்தைப் போட்டேன். இந்த முறை அவர் சுற்றவில்லை. நிலைக்கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிறம் அவர் கருத்த கழுத்தில் அப்படி எடுத்தது. அவரும் மகளும் ஒரே நிறம், ஒரே தோள், ஒரே உயரம். அவர் கண்ணாடியில் பார்த்தது அவரை அல்ல என்று எனக்குப் புரிந்தது. சிரிப்பெல்லாம் மெல்ல அடங்கியது. அவர் முந்தானை நுனியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுதாம்மா" என்றார். "இதையே எடு."

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அத்தைமார் பேச்சை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மாமன்மார் மூவரும் வரிசையில் வந்து நின்றார்கள். "தம்பி, எங்க மேலயும் போடுங்க. எங்க ஊட்டுக்காரிக்கும் நான்தான் பாத்து எடுப்பேன்." பக்கத்துக் குடும்பத்தில் இருந்த ஒருவரும் வந்து கன்னத்தை நீட்டினார். துண்டு சிக்கிக்கொண்டது. "போங்க அங்கிள், ஷேவ் பண்ணிட்டு வாங்க" என்றேன். கடை மறுபடியும் சிரித்தது. நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு நான் மேடையில் இருந்தேன். என் தாடி பட்டில் படவே இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் கூரை மேல் ஏறிக் கத்தலாம் போல இருந்தது.

சேலைகளை மடிக்கும்போது பெண்ணின் அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான்கு பிள்ளை பெற்றவர் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. கல்லாவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார், "உங்க வீட்டுல எத்தனாவது மாசம் தம்பி?"

பஞ்சாபி சூட் அக்கா திரும்பிப் பார்த்தார். முதலாளியம்மா எண்ணிக்கொண்டிருந்த பில் கட்டைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். அதெல்லாம் ஒன்றும் இல்லை, விரதம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தேன். 'இல்லை' என்ற சொல் வரவில்லை. முதல் தடவை, லட்டுக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நான்தான் போன் செய்து, இல்லை, போய்விட்டது என்று சொன்னேன். எத்தனை பேர், எத்தனை தடவை. அந்தச் சொல்லை இந்தப் பிள்ளையைப் பற்றிப் பொய்யாகக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

"நாலாவது மாசம்மா" என்றேன்.

"நல்லபடியா பொறக்கும்" என்று சொல்லி அவர் என் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

கோஷ்டி வேனில் ஏறிய பிறகு முதலாளியம்மா என்னைக் கல்லாவுக்கு அழைத்தார். குரல் மிக இறங்கியிருந்தது. "சாமி பேர்ல என்கிட்ட பொய் சொன்னீங்க."

"ஆமாம்மா."

"ஏன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அந்தச் சொந்தக்காரி சொன்னது, மனைவி வாங்கிய சத்தியம், எல்லாம். ஆனாலும் என் குணம் போகுமா? கடைசியில் இதையும் சேர்த்துக்கொண்டேன். "ஆனா அம்மா, பொய்யா ஆரம்பிச்சாலும் நாப்பத்தெட்டு நாளும் வாயில ஒரு துண்டு கறி படல. அந்த அக்காவ வேணும்னா கேளுங்க."

"அது நெசம்மா" என்றார் அக்கா. "நான்தான் காவல். கத்திரிக்காய தவிர வேற ஒன்னும் திங்கல."

முதலாளியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கவில்லை. "நாளைக்குக் கோயிலுக்குப் போங்க. நாப்பத்தெட்டு சுத்து சுத்தி, சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. திங்கக்கிழமை மேடைக்கு வந்துருங்க."

"தாடியோடயா?"

"தாடியோடத்தான். என் பட்டுல இருந்து ஒரு முழம் தள்ளி நில்லுங்க. வர்ற ஆம்பளைங்க மேல போட்டுக் காட்டுங்க. மூவார்காரருக்கு மேல ஸ்டோர் இருக்கு." பில் கட்டை மறுபடியும் எடுத்துக்கொண்டார். பிறகு தலை நிமிராமலே சொன்னார், "அந்தப் புள்ளைக்கு வாந்தி அதிகமா இருந்தா எலுமிச்சங்கா ஊறுகா குடுத்து விடுறேன். யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்." கடையில் இருந்த பதினொரு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டுக்குப் போய்ச் சத்தியத்தை உடைத்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்வதற்குத்தான் பயமாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே முழுவதும் சொல்லி முடித்தேன். லாரிக்காரர் சேலை கட்டி நின்ற இடத்தில் அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணோட அம்மா என்ன சொன்னாங்க?"

"நல்லபடியா பொறக்கும்னு."

"அவங்களுக்கு எத்தனை புள்ளைங்க?"

"நாலு."

"இன்னொரு தடவ சொல்லுங்க. அவங்க சொன்ன மாதிரியே."

சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்தாள். அதற்குப் பிறகுதான் லாரிக்காரர் கதையை மறுபடியும் முதலில் இருந்து கேட்டாள், இந்த முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கினாள்.

நான்காம் மாதம் போனது. ஐந்து போனது. ஆறாம் மாதத்தில் தீபாவளிக் கூட்டம் வந்தது. கணவன்மார் நாற்காலி காலியாகக் கிடந்தது, ஏனென்றால் கணவன்மார் எல்லோரும் மேடையில் இருந்தார்கள். மனைவிமார் தள்ளி நின்று, "கொஞ்சம் திரும்புங்க, முந்தானைய பாக்கணும்" என்று அவர்களை ஆட்டி வைத்தார்கள். குளுவாங்கில் இருந்தும் பத்து பகாட்டில் இருந்தும் ஆட்கள் தாடிக்கார அண்ணனைத் தேடி வந்தார்கள். வரும்போதே ஆண்கள் முகத்தைச் சுத்தமாக மழித்துக்கொண்டு வந்தார்கள். என் தாடியோ கழுத்தை மறைத்துவிட்டது. தினமும் காலையில் அதைக் கழுவி, சீவி, ஒரு முடிகூட அலையாமல் ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டுதான் வரிசையில் நிற்பேன். முதலாளியம்மா என் உள்ளங்கையைச் சோதிப்பார், நகத்தைச் சோதிப்பார், தாடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், அடுத்த ஆளுக்குப் போவார்.

அடை மழைக் காலத்தில் ஒரு காலை எட்டு மணிக்கு என் மகள் பிறந்தாள். இரண்டு கிலோ எழுநூறு. நல்ல சத்தம் போட்டு அழுதாள். என் மனைவி களைத்துப் போய்ப் படுத்திருந்தாள். குழந்தையை அவள் நெஞ்சில் வைத்தபோது என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "போங்க. போய் மொகத்த எடுத்துட்டு வாங்க. அவ அப்பாவப் பாக்கணும்."

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு முடி திருத்தும் கடை இருந்தது. எனக்குத் தெரியாத கடை, தெரியாத ஆட்கள். நான்கு பேர் காத்திருந்தார்கள். என் கோலத்தைப் பார்த்துவிட்டு அவர்களே வழி விட்டார்கள். கடைக்காரர் துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு, தாடியைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லா வளத்திருக்கீங்க அண்ணே. எவ்வளவு வைக்கணும்?"

மாதக்கணக்காக வாயை மூடி வைத்திருந்தவன் நான். சாலையில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்.

"ஒன்னும் வைக்காதீங்க. எல்லாத்தையும் எடுங்க. எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா!"